இடது கன்னத்துச் சிவப்பு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி தெரேசின் இடது கன்னம் சிவந்திருந்தது. பவுடர் போட்டு மறைக்கிற சிவப்பு இல்லை. நாலணாக் காசு அளவுக்குக் கன்றிப் போன சிவப்பு.

பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்தோம். அவளைப் பார்த்தவர்கள் எல்லோரும் அடுத்தபடியாக என்னைப் பார்த்தார்கள். எதிர்வீட்டுச் சவரியம்மா அக்கா மட்டும் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"ஏன் தம்பி... பத்திரிகையில அவ்வளவு நல்லா எழுதுறீங்க. வீட்டுல இப்படியா?"

அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. தெரேசைக் கேட்டால், "கதவுல இடிச்சுக்கிட்டேங்க" என்கிறாள். புருஷனிடம் அடி வாங்கிய பெண்கள் காலம் காலமாகச் சொல்லி வருகிற பதில்! பக்கத்து ஊர் தருமபுரம் வரை என் மானம் போய்ச் சேர்ந்திருக்கும்.

விஷயம் புரிய வேண்டுமானால், முதலில் என் கனைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தெரேஸ் பிறவியிலேயே இடது கைக்காரி. தேங்காய் துருவுவது, மீன் ஆய்வது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் இடது கைதான். அடுப்படிக்குள் இருக்கும்வரை யாருக்கு என்ன? ஆனால் வந்தவர்களுக்கு இடது கையால் காபி நீட்டினால்? கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால்தான் என்பதில் மட்டும் எங்கள் ஊர்க் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் ஒரே கட்சி.

அதனால் கல்யாணமான புதிதிலேயே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவள் இடது கையை நீட்டினால், நான் லேசாகக் கனைப்பேன். உடனே அவள் தம்ளரைக் கை மாற்றிக்கொள்வாள். கனைத்தால் கையை மாற்று – எட்டு வருஷமாக எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான். மனைவியை நாலு பேர் எதிரில் காப்பாற்றுகிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட உண்டு.

கனைப்புக்கும் கன்னத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நடுவில் ஒரு துப்பாக்கி இருக்கிறது.

போன வருஷம் அம்பகரத்தூர் திருவிழாக் கடைகளைப் பார்க்கப் போயிருந்தோம். நான் பொரி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள், பலூன் சுடுகிற கடையில் தெரேஸ் ஒரு கைக்கண்ணாடியும் இரண்டு சீப்பும் பரிசாக வாங்கி வைத்திருந்தாள். கடைக்காரர் என்னைக் கும்பிட்டார். "சார், இவங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க. நான் பொழைக்க வேணாமா?"

அவள் சுட்டதை நான் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் அதற்கு முன் நான் கண்டதில்லை.

இந்த வருஷம் பிரெஞ்சுக்காரர்களின் ஜூலை பதினாலு தேசிய விழாவில் பெண்களுக்கும் ஏர்கன் போட்டி உண்டு என்று ஊர்க் கிளப்பில் அறிவித்தார்கள். துப்பாக்கி மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். அன்று சோறு போட்டுக்கொண்டே தெரேஸ் கேட்டாள், "ஏங்க... நானும் சுடட்டுமா?"

எட்டு வருஷத்தில் தனக்கென்று அவள் வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் அது. மறுநாளே கடைக்குப் புறப்பட்டோம்.

மரைக்காயர் கடையில் இல்லாத சாமான் கிடையாது. சைகோனிலிருந்தும் மார்செயிலிருந்தும் கப்பலில் வந்த சுவர்க்கடிகாரம், செண்ட், சைக்கிள் விளக்கு... ஒரு மூலையில் ஏர்கன்களும் இருந்தன. மரைக்காயர் வயதானவர். ரொம்ப மரியாதைக்காரர். ஒவ்வொரு துப்பாக்கியாக வலது கையில் எடுத்து, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டபடி தெரேசிடம் நீட்டினார். அவளும் அதே மரியாதையோடு வலது கையால் வாங்கி, வலது தோளில் வைத்துப் பார்த்து, "நல்லா இருக்குங்க" என்றாள். நாலு துப்பாக்கிக்கும் அதே "நல்லா இருக்குங்க."

பார்த்தேன். அதில் ஒன்றை நானே வாங்கித் தோளில் வைத்தேன். பளபளவென்று மெருகு போட்ட கட்டை, கன்னத்துக்கு வாகாக வளைந்து கொடுத்தது. நல்ல கனம். எனக்கு அம்சமாக இருந்தது. அதையே வாங்கினேன். புடவை தவிர மற்ற எல்லாவற்றையும் கணவன்மார் மனைவிக்கு இப்படித்தான் வாங்குகிறோம், இல்லையா?

கொல்லையில் பயிற்சி தொடங்கியது. மதில் மேல் தீப்பெட்டியை நிறுத்தி அவள் சுடுவாள். பத்துக்கு ஒன்பது குண்டு மதிலில்தான் படும். "கவனம் போதாது" என்று நான் உபதேசம் வேறு செய்தேன். துப்பாக்கியைத் தொட்டு இரண்டு நாள்கூட ஆகாதவன்!

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது... கன்னமும் சிவந்தது.

சவரியம்மா அக்காவிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், சும்மா துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்தேன். கட்டை என் வலது கன்னத்தைத் தொட்டது. அட! தெரேசுக்குச் சிவந்திருப்பது இடது கன்னமல்லவா?

கொல்லைக்குப் போய்த் தேடினேன். விறகுக்குப் பின்னால் ஒரு கூடை. கூடை நிறையத் தீப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் நட்ட நடுவில் ஓட்டை. நான் ஆபீசுக்குப் போன பிறகு அவள் இடது தோளில் வைத்துச் சுட்டிருக்கிறாள். வலது கைக்காரனுக்காக வளைத்த கட்டை, அவள் இடது கன்னத்தில் ஒவ்வொரு தடவையும் இடித்திருக்கிறது. வலியோடுதான் அத்தனையையும் அடித்திருக்கிறாள்.

"கடையிலேயே சொல்லியிருக்கலாமே, தெரேஸ்?"

"அவ்வளவு பெரியவரு, வலது கையால குடுக்குறாரு. நான் எப்படிங்க இடது கையை நீட்டுறது?" கொஞ்சம் தயங்கினாள். "அப்புறம்... நீங்க கனைப்பீங்க."

எட்டு வருஷமாக எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் மாலை துப்பாக்கியோடு மறுபடி மரைக்காயர் கடை. விஷயத்தைச் சொன்னேன். மனிதர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட அல்லாவே! நான் மரியாதைன்னு நெனச்சு நீட்ட, நீங்க மரியாதைன்னு நெனச்சு வாங்க... கடைசியில உங்க கன்னமில்ல புண்ணாப் போச்சு!"

அப்புறம் அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். மேஜையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். இருந்த துப்பாக்கிகளை எல்லாம் வரிசையாக அதில் வைத்தார். தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இப்ப யாரும் குடுக்கலை, யாரும் வாங்கலை. உங்க வீட்டு அலமாரின்னு நெனச்சுக்கிட்டு எடுங்கம்மா."

தெரேஸ் என்னைப் பார்த்தாள். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். அவள் இடது கையை நீட்டி எடுத்தாள்.

இப்போது "நல்லா இருக்குங்க" இல்லை. "இது கனம், கை நடுங்குது." "இது வளைஞ்சிருக்கு." "இதுல குண்டு போட இழுக்குற பிடி வலது பக்கம் இருக்கு, எனக்கு எட்டாது." இத்தனை அபிப்பிராயங்கள் இவளுக்குள் இருந்தனவா? கடைசியில் வரிசையின் ஓரத்தில் கிடந்த, மெருகு கூட இல்லாத ஒன்றை எடுத்தாள். கட்டை நேராக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. குழலை மடக்கிக் குண்டு போடுகிற வகை. எந்தக் கைக்கும் சரிப்படும். ஒரு சின்னப் பூசணிக்காய்க் கனம்தான் இருக்கும். இடது தோளில் வைத்தாள், கண்ணை மூடித் திறந்தாள். "இதுங்க" என்றாள்.

போட்டி நாள். கிளப் மைதானத்தில் கூட்டமான கூட்டம். முன் வரிசையில் பங்குச் சாமியார், அதிகாரிகள், மரைக்காயர். சவரியம்மா அக்காவும் இல்லாமல் இல்லை. ஆளுக்கு ஐந்து குண்டு.

தெரேஸ் வந்து நின்றாள். அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். துப்பாக்கியைத் தூக்கி... வலது தோளில் வைத்தாள்!

முதல் குண்டு டார்கெட்டின் பக்கம்கூடப் போகவில்லை. கூட்டத்தில் சிரிப்பு. அவள் காதெல்லாம் சிவந்துவிட்டது. இரண்டாவது குண்டைப் போட்டு, மறுபடி வலது தோளுக்கே தூக்கினாள்.

எழுந்து நின்று கத்தவா முடியும்? எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் செய்தேன். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கனைத்தேன்.

தெரேஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள். வலது கையில்தானே வைத்திருக்கிறோம், இந்த மனுஷன் ஏன் கனைக்கிறார் என்று விழித்தாள். அப்புறம் மெதுவாக, அம்பகரத்தூரில் பார்த்த அந்த முகம் வந்தது. துப்பாக்கி கை மாறியது.

மீதி நாலு குண்டும் நட்ட நடுவில்.

முதல் குண்டு வீணானதால் மூன்றாம் பரிசுதான். போகட்டும். எட்டு வருஷமாகக் கனைக்கிறேன்... அன்றைக்குத்தான் சரியான கைக்காகக் கனைத்தேன்.