கப்பு வம்சத்துக் குட்டி

எங்கண்ணன் செத்து மூணாவது மாசம் ரேஸ்கோர்ஸ் பங்களா அம்மா ஆளனுப்பிச்சாங்க. குட்டிக்கு நாப்பது நாளாச்சு, வந்து ஒண்ணத் தூக்கிட்டுப் போங்கன்னு.

அண்ணன் அந்தப் பங்களால நாய் பாத்துக்கற வேலைல இருந்துச்சு. எல்லாம் லேப்ரடார் நாயிங்க. குளிப்பாட்டறது, நடக்கக் கூட்டிட்டுப் போறது, எறிஞ்ச பந்த எடுத்துட்டு வரப் பழக்கறது எல்லாம் அதுதான். அடுத்த ஈத்துல ஒரு குட்டி உனக்குன்னு அந்தம்மா சொல்லியிருந்தாங்க. அதுக்குள்ள சத்தி ரோட்டுல லாரிக்காரன் சைக்கிளோட சேத்து அடிச்சுப்போட்டான். ஆனா அந்தம்மா சொன்னத மறக்கல.

நான் கணபதில மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுத்தற பட்டறைல வேலை. ஞாயித்துக்கெழம லீவு. அப்பாவும் நானும் வயர் கூடை ஒண்ண எடுத்துக்கிட்டு பஸ் ஏறிப் போனோம். போனா, பங்களா கேட்டுக்கிட்ட அவ நிக்கறா. எங்கண்ணனுக்கு நிச்சயம் பண்ணியிருந்த பெருந்துறைப் பொண்ணு.

"இவங்கள யாருங்ப்பா வரச்சொன்னது?"

"நாந்தான். அந்தப் புள்ளைக்கும் ஒரு பாத்தியம் இருக்குதல்ல கண்ணு."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சாவூட்டுலயும் இதேதான். வந்தவங்க எல்லாம் அவளத்தான் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. வாழ வேண்டிய புள்ள, வாழ வேண்டிய புள்ளைன்னு. அவ அண்ணனோட பழகுனது எட்டு மாசம். பத்தொம்பது வருசம் ஒண்ணா இருந்தவ நான் கதவு மூலைல கெடந்தேன். ஒரு சொம்பு தண்ணி குடுக்க ஆளில்ல.

அண்ணன் பொண்டாட்டிய நாங்க நங்கைன்னு கூப்புடுவோம். நிச்சயத்தன்னைக்கு ஒருக்கா அப்படிக் கூப்புட்டேன். அன்னைக்குக் கேட்டுக்கிட்ட வாயில வரல. "வாங்க"ன்னு மட்டும் சொன்னேன்.

பங்களாவுக்குப் பின்னால கார் செட்டுல ரெண்டு பொட்டி. ஒவ்வொண்ணுலயும் ஒரு தாயி, அது போட்ட குட்டிங்க. அந்தம்மா வெவரமாச் சொன்னாங்க. ஒரு பொட்டில இருக்கறது ஷோ வம்சம், நாய்க் கண்காட்சிக்குன்னு வளக்கறது. அப்பன் நாய் அஞ்சு கப்பு வாங்குனது. குட்டிங்களுக்குப் பெரிய தலை, அகல நெஞ்சு, வாலு நல்லாத் தடியா இருந்துச்சு. இன்னொரு பொட்டில இருக்கற தாயி வால்பாறை எஸ்டேட்ல இருந்து வந்தது. காட்டுலயும் தண்ணிலயும் எறிஞ்சத எடுத்துட்டு வர்ற வேலை வம்சம். குட்டிங்க ஒல்லி, காலு நீளம், ஒரு நிமிசம் ஒரு எடத்துல நிக்கல.

"ரெண்டும் நல்ல ரத்தந்தான். எது வேணுமோ எடுத்துக்குங்க"ன்னாங்க.

எங்கப்பாவுக்குத் தெரிஞ்சதெல்லாம் மாடு. குத்தவெச்சு உக்காந்து ஒவ்வொரு குட்டியா எடுத்து முதுகத் தடவி சுழி பாக்க ஆரம்பிச்சுட்டாரு. நெத்தில ரெட்டைச் சுழி இருக்குதான்னு வேற பாத்தாரு. அப்பறம் கழுத்துத் தோலப் புடிச்சு அந்தரத்துல தூக்குனாரு.

"ஏனுங்க! அது கன்னுக்குட்டி இல்லீங்க, எறக்குங்க!"ன்னு அந்தம்மா கத்துனாங்க.

"அழுகுதான்னு பாக்கறனுங்க அம்மா. எங்கூர்ல நாய்க்குட்டிய இப்படித்தான் எடுப்போம். கத்துனா கோழை, சும்மா இருந்தா ஊட்டுக்கு ஆகும்."

கப்பு நாயோட குட்டி ஊரையே கூட்டுச்சு. எஸ்டேட் குட்டி சத்தமே போடல. தொங்கிக்கிட்டே அப்பா மூக்க மோந்து பாத்துச்சு. அவ சிரிச்சுப்போட்டா. மூணு மாசத்துல அப்பாவும் மொத மொத அன்னைக்குத்தான் சிரிச்சாரு. அவளப் பாத்துச் சிரிச்சாரு.

"இதே ஆகட்டுமா கண்ணு"ன்னு அவகிட்டத்தான் கேட்டாரு. என்கிட்ட இல்ல.

"ஆமாங்க மாமா. அவரும் எஸ்டேட் குட்டிதான் வேணும்னு..."

அவரும்னு சொன்னா பாருங்க, அந்த ஒரு சொல்லு. எங்கண்ணன் அவகிட்ட என்னென்ன சொல்லிச்சு? எதுக்கு என்கிட்ட சொல்லல?

எனக்குன்னு இருந்தது ஒரே ஒரு நாளு. ரெண்டு வருசம் முந்தி நாய்க் கண்காட்சிக்கு அண்ணன் என்னையக் கூட்டிட்டுப் போச்சு. எரவலா வாங்குன வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு, அந்தக் கப்பு நாயக் கையில புடிச்சுக்கிட்டு மைதானத்தச் சுத்தி ஓடுச்சு. சனம் பூரா கை தட்டுச்சு. செயிச்சதுக்குக் குடுத்த நீல ரிப்பன் பூவ அந்தம்மா அண்ணனுக்கே குடுத்துட்டாங்க. அண்ணன் அத எந்தலைல குத்தியுட்டுட்டு, "எனக்குக் கப்பு இதுதாண்டி"ன்னுச்சு. அப்ப இவ யாருன்னே எங்களுக்குத் தெரியாது. அதனால எனக்கு அந்த நாயோட குட்டிதான் வேணும். இவ சொல்ற குட்டி வேண்டாம்.

வாய் தன்னால பொய் சொல்லிச்சு.

"இல்லீங்ப்பா. அண்ணன் சாகறதுக்கு மொத நாளு என்கிட்ட சொல்லிச்சு. கப்பு நாயோட குட்டிதான் எடுக்கோணும்னு."

அண்ணன் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லல. மொத நாளு நாங்க ரெண்டு பேரும் சட்னிக்குச் சண்ட போட்டுக்கிட்டு பேசவே இல்ல.

அப்பா கையில எஸ்டேட் குட்டி அப்படியே இருந்துச்சு. அவ என்னையப் பாத்தா. கை ஹேண்ட்பேக்குக்குள்ள போச்சு. நீலக் கலர்ல இன்லேண்ட் லெட்டர் ஒண்ணு முக்காவாசி வெளிய வந்துச்சு. அண்ணன் கையெழுத்து எனக்குத் தெரியும், கோணலா ஏறிக்கிட்டே போகும். அஞ்சாப்போட பள்ளிக்கோடம் நின்னவ நான், எனக்கு யாரும் லெட்டர் எழுதுனது கெடையாது.

அவ அத மறுபடி உள்ள தள்ளி ஜிப்ப இழுத்தா.

"அம்மணிகிட்ட அப்படிச் சொல்லியிருந்தா அதுவே இருக்கட்டுங்க மாமா"ன்னா. என்னைய அவ அம்மணின்னுதான் கூப்புடுவா.

அவ எதுத்துப் பேசியிருந்தா நானும் ரெண்டு வார்த்த பேசியிருப்பேன். சண்ட புடிச்சு அழுதிருப்பேன். அவ உட்டுக் குடுத்துட்டா. அத இன்னைக்கும் என்னால தாங்க முடியல.

குட்டியக் கூடைல போட்டு மேல துண்டு மூடி எடுத்துட்டு வந்தோம். அது இப்ப வளந்து கன்னுக்குட்டியாட்டம் நிக்குது. பாக்கறவங்க எல்லாம் என்ன அழகுங்கறாங்க. செருப்ப எறிஞ்சா செருப்பையும் பாக்கும், என்னையும் பாக்கும், படுத்துக்கும். எடுத்துட்டு மட்டும் வராது. அண்ணன் லுங்கி மேலதான் தூக்கம்.

அன்னைக்குத் திரும்பி வர்றப்ப காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல அவளுக்கு பெருந்துறை பஸ் நின்னுட்டிருந்துச்சு. அப்பா டீ குடிக்கப் போயிட்டாரு. கூடை எம்மடில.

"அம்மணி, ஒருக்கா தூக்கிக்கட்டுங்களா?"

"தூங்குதுங்க"ன்னேன்.

துண்டுக்கடில அது முழிச்சுக்கிட்டு வயரக் கடிச்சுட்டிருந்துச்சு. எந்தொடைல அதோட நகம் பட்டுக்கிட்டே இருந்துச்சு.

"சரிங்க, தூங்கட்டும்"னு சொல்லிப்போட்டு கூடை மேல கைய வெச்சா. குட்டி வயர் சந்துல மூக்க நீட்டி அவ வெரல நக்குச்சு. ஒருக்கா இல்ல, உடாம நக்குச்சு. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். நக்கி முடிக்கற மட்டும் அவ கைய எடுக்கல.

கண்டக்டர் விசிலடிச்சான். "வாரேனுங்க"ன்னுட்டு ஓடிப்போய் ஏறுனா. ஜன்னல்ல கை காட்டுவான்னு பாத்தேன். காட்டல. குட்டி நக்குன கைய நெஞ்சுல வெச்சுக்கிட்டு நேராப் பாத்து உக்காந்திருந்தா.