மெக்சிக்கோ நடிகையும் எங்கள் அண்ணியும்

மலாயா ரப்பர் எஸ்டேட்டில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் அந்த நடிகை தமிழச்சி என்றுதான் சொல்வார்கள். அதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. சேலத்துக்காரியா, திருச்சிக்காரியா என்பதில்தான் சண்டை.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் ராசா என்கிற ஊர் வழியாக நடந்து சிரம்பானுக்குப் படம் பார்க்கப் போவோம். இங்கிலீஷ் படம்தான் ஓடும். ஒரு சொல் புரியாது. இருந்தாலும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம். ஒரு படத்தில் அவள் இந்திய அரண்மனையில் ஆடுகிற பெண்ணாக வந்தாள். சேலையை எவனோ வெள்ளைக்காரன்தான் கட்டிவிட்டிருக்க வேண்டும். முந்தானை போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. ஆனால் நெற்றியில் பொட்டு, மாநிறம், எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை. எங்கள் ஆட்களுக்கு அது போதும். வீடு வந்து சேர்வதற்குள் அவளுக்கு ஊர், உறவு, குலதெய்வம் வரைக்கும் முடிவு செய்துவிட்டார்கள்.

ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் என் அண்ணி. கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. துரை பங்களாவில் ஆயாவாக இருந்தாள். துரைசானிக்குக் கப்பலில் சினிமாப் பத்திரிகை வரும். அந்தம்மாள் படத்தைக் காட்டிப் பாதி மலாயிலும் பாதி கைச்சாடையிலும் கதை சொல்ல, அண்ணி கேட்டுக்கொண்டு வந்து எங்களுக்குச் சொல்வாள்.

"அவ தமிழச்சி இல்ல. மெக்சிக்கோன்னு ஒரு ஊரு. அமெரிக்காவுக்குக் கீழ இருக்கு."

"வெள்ளக்காரன் நம்ம ஆள நம்ம ஆளுன்னு ஒத்துக்குவானா? பேர மாத்தி வச்சிருப்பான் லா" என்று பெண்கள் அண்ணியின் வாயை அடைத்துவிடுவார்கள்.

ஆனால் கதையைக் கேட்காமல் விடமாட்டார்கள். அப்பன் ரயில் ரோட்டில் வேலை செய்தவன். அந்த ஊரில் சண்டை வந்து ஊரே எரிந்தபோது, ஆத்தாக்காரி பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டி அமெரிக்காவுக்கு வந்துவிட்டாள். இவள் சினிமாக் கம்பெனியில் தையல் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மற்ற நடிகைகளின் பாவாடையில் பாசிமணி தைக்கிற வேலை. ஒரு நாள் கூட்டத்தில் நிற்க ஆள் குறைகிறது என்று இவளை இழுத்து நிறுத்தினார்கள். அப்படியே கூட்டத்தில் நின்று நின்று, முன்னால் நடிக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டாள்.

பிறகு வேஷம் கொடுத்தார்கள். என்ன வேஷம்? தீவில் இலை கட்டிக்கொண்டு ஆடுகிறவள், சீனத்தி, குறத்தி, வேலைக்காரி. மாநிறத்தில் எவள் வேண்டுமென்றாலும் இவளைத்தான் கூப்பிட்டார்கள். அவளுடைய சொந்த நாட்டுப் பெண்ணாக, கௌரவமாக ஒரு வேஷம் மட்டும் கொடுக்கவில்லை. கடைசியில் கதாநாயகன் வெள்ளைக்காரியைக் கட்டிக்கொள்ள வேண்டுமே, அதற்காக இவள் படத்துக்குப் படம் செத்தாள். "சாகுறதுக்குன்னே சம்பளம் வாங்கினா" என்பாள் அண்ணி. அதிலும் அவள் சாகிற அழகைப் பார்க்க வேண்டும். கண்ணைச் செருகி, வாயைக் கோணி, அதெல்லாம் இல்லை. பேசிக்கொண்டே இருப்பாள், பேச்சு நின்றுவிடும். நான் புரியாத மொழியில் அழுதது அவளுக்காகத்தான்.

பேசும் படம் வந்தபோது அவளுடைய இங்கிலீஷைக் கேட்டுச் சிரித்தார்கள். ஊருக்குப் போய்விடு என்றார்கள். அவள் போகவில்லை. ஆள் வைத்துப் பேசப் படித்தாள், ஆனால் தன் நாக்கின் வாசனையை முழுசாக விடவும் இல்லை. அவள் ஆட்களைத் திருடர்களாகக் காட்டுகிற ஒரு படத்தில் நடிக்கமாட்டேன் என்று சொல்லி வேலை இல்லாமலும் உட்கார்ந்திருந்தாள். அவர்களே திரும்பி வந்து கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டு எடுத்த படத்தின் விளம்பரத்தில் கதாநாயகன் பெயருக்கு மேலே அவள் பெயர் இருந்ததாம். இதைச் சொல்லும்போது அண்ணிக்கு முகமெல்லாம் பூரிப்பு, அவளுக்கே சம்பளம் உயர்ந்த மாதிரி.

ஒன்றே ஒன்றுதான் எங்கள் பெண்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரு படத்தில் அவள் புருஷன் செத்துப்போகிறான். கதறச் சொன்னார்களாம். அவள் மாட்டேன் என்று ஒரு தொட்டியில் தண்ணீர் கேட்டு, செத்தவன் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு நின்றாள். அவ்வளவுதான். "கட்டுன புருஷனுக்கு ஒரு ஒப்பாரி கூட இல்லையா? நீ சொன்னது சரிதான், இவ தமிழச்சியா இருக்க முடியாது" என்றார்கள்.

ஜப்பான்காரன் வந்தான். துரையும் துரைசானியும் ஓடிப்போனார்கள். இங்கிலீஷ் படம் நின்றது, பத்திரிகை நின்றது. பால்மரத்தில் பாதியை வெட்டிவிட்டு மரவள்ளி நடச் சொன்னான். அரிசி கண்ணில் படவில்லை. சாயங்காலம் லயத்து வாசலில் உட்கார்ந்து கிழங்கு உரிக்கும்போது பெண்கள் கேட்பார்கள்: "இப்போ அவ என்னா படத்துல நடிக்கிறா?" அண்ணிக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் சொல்வாள். எந்தக் கம்பெனியும் எடுக்காத படங்களை எங்கள் லயத்துக்காக அண்ணியே எடுத்தாள். அவற்றில் அந்த நடிகை சாகவே இல்லை. கடைசியில் சோறு சமைத்து எல்லோருக்கும் போட்டாள்.

பிறகு சயாமில் ரயில் ரோடு போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். முதலில் போனவர்களில் யாரும் திரும்பவில்லை. ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கிற இடத்தில், எங்களை வேலை வாங்குகிற மண்டோர் என் அண்ணனையும் கைகாட்டினான். அடுத்த லாரியில் போக வேண்டும். அண்ணனுக்கு இளைப்பு நோய். மழை பெய்தால் மூச்சு விசில் அடிக்கும். சயாமில் ஒரு மழைகூடத் தாங்கமாட்டார் என்று எனக்கும் அண்ணிக்கும் தெரியும்.

அண்ணி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். உப்புக் காய்ச்சச் சி ரூசா கடற்கரைக்கு ஆட்கள் போய் வருவது வழக்கம். அண்ணனும் அண்ணியும் அப்படிப் போவது, அண்ணன் அங்கேயே ஒரு மலாய்க்காரப் பெரியவரின் தோப்பில் தங்கிவிடுவது, அண்ணி மட்டும் திரும்பி வருவது. கடல் கொண்டுபோய்விட்டது என்று சொல்வது.

எங்கள் எஸ்டேட் திருவிழா நாடகத்தில்கூட விதவை வேஷத்தை மீசை மழித்த ஆம்பளைதான் போடுவான். கட்டுக்கழுத்தி எவளும் விளையாட்டுக்குக்கூடப் பொட்டை அழிக்கமாட்டாள். "உசுரோட இருக்குற மனுசனுக்கு யாராச்சும் தாலியக் கழட்டுவாங்களா அண்ணி? ஏதாவது ஆயிருச்சுன்னா?" என்றேன்.

"அவ எத்தனை படத்துல விதவையா வந்திருப்பா? ராத்திரி வீட்டுக்குப் போனா அவ புருசன் முழுசாத்தானே இருக்கான்" என்றாள். குரல்தான் திடமாக இருந்தது. கை தாலியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

கடற்கரையில் தாலியைக் கழற்றி அண்ணன் கையிலேயே கொடுத்திருக்கிறாள். திரும்பி வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது, கையில் வளையல் இல்லை. அண்ணன் சட்டை மட்டும் இருந்தது. எல்லாம் தெரிந்த நானே அவளைப் பார்த்ததும் ஒரு கணம் நம்பிவிட்டேன்.

ஜப்பான்காரனை ஏமாற்றுவது பெரிதில்லை. அவனுக்கு நம் அழுகையும் சிரிப்பும் ஒன்றுதான். மண்டோர் அப்படி இல்லை, நம் ஆள். எத்தனையோ இழவு வீட்டைப் பார்த்தவன். அண்ணி என்னிடம் சொல்லிவைத்தாள்: "படம் புடிக்கிறப்போ நடிக்கிறவங்க அந்தப் பெட்டியப் பாக்கக் கூடாதாம் புள்ள. பாத்தா எல்லாம் வீணாப் போயிருமாம். நீ மண்டோர் மூஞ்சியப் பாக்காத."

மண்டோர் ஒரு ஜப்பான்காரனோடு வந்தான். வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். அண்ணி குழாயடியில் உட்கார்ந்து அந்தச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. உதறினாள், கொடியில் போட்டாள், காலரை நீவிவிட்டாள். பிறகு அந்தச் சட்டைக்கு எதிரே சும்மா நின்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மண்டோர் தலைத்துண்டை எடுத்துவிட்டு, "செத்துட்டான்" என்று மலாயில் ஜப்பான்காரனிடம் சொன்னது காதில் விழுந்தது. எந்த நடிகையும் அப்படி நடித்து நான் பார்த்ததில்லை, மெக்சிக்கோக்காரி உட்பட.

அதற்குப் பிறகு அண்ணி உப்புக்கென்று அவ்வப்போது சி ரூசாவுக்குப் போய் வந்தாள். கட்டிய புருஷன், இளம் வயது. வயிற்றில் பிள்ளை தங்கிவிட்டது.

வயிறு தெரிய ஆரம்பித்ததும் லயம் மாறிப்போனது. கதை கேட்ட பெண்களே குழாயடியில் தங்கள் குடத்தை நகர்த்திவைத்துக்கொண்டார்கள். "அழக்கூட இல்லையே அன்னிக்கு, இப்பத்தானே தெரியுது ஏன்னு" என்று காதுபடவே பேசினார்கள். மண்டோர் பெரட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "கடல்ல போனவன் கனவுல வந்துட்டுப் போறானா?" ஆம்பளைகள் சிரித்தார்கள்.

என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. திறந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள், எலும்பு வலித்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மற்றவர்களுக்கு முன்னால் நடந்தாள். கிழங்குக் காட்டில் என்னிடம் சொன்னாள்: "அவளப் பத்தியும் பத்திரிகையில அசிங்கமா எழுதினாங்க. மறுநாள் காலையில மூஞ்சியக் கழுவிட்டு வேலைக்கு வந்து நின்னாளாம். யாருக்கும் பதில் சொல்லல. நான் ஒரு வார்த்த பேசினா உங்கண்ணன் லாரியில ஏறணும் புள்ள."

பிள்ளை பிறந்தது. மருத்துவம் பார்க்க ஒருத்தியும் வரவில்லை. நான்தான் தொப்புள்கொடி அறுத்தேன். ஆண் பிள்ளை. முகம் அப்படியே அண்ணன். ஊர்க் கண்ணுக்கு அதுகூடத் தெரியவில்லை.

ஜப்பான்காரன் தோற்றுப்போனான் என்ற செய்தி எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. அதற்கும் சில நாள் கழித்து, பட்டப்பகலில், எல்லோரும் வாசலில் இருக்கும்போது அண்ணன் நடந்து வந்தார். கறுத்து, இளைத்து, மூச்சு விசில் அடிக்க, ஆனால் முழுசாக. பேய் என்று ஒருத்தி அலறினாள். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் எல்லாம் புரிந்துபோயிற்று. குடத்தை நகர்த்தியவர்களே மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். மண்டோர் எங்கே போனான் என்று தெரியவில்லை.

அண்ணன் பிள்ளையை வாங்கிக்கொண்டார். ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் மடியிலிருந்து எடுத்த தாலி.

அப்போதுதான் அண்ணி தரையில் உட்கார்ந்தாள். தலையை விரித்துப் போட்டாள். மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள் வைக்கிற அதே ஒப்பாரி, வரி விடாமல். புருஷன் எதிரே நிற்கிறார். குங்குமத் தட்டோடு வந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். நான் போய்த் தூக்கினேன், வரவில்லை. அது நடிப்பில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

அண்ணன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "நான்தான் வந்துட்டேன்ல, ஏன் அழுவுற?" என்றார்.

அண்ணி அவர் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

"நீங்க வந்துட்டீங்க," என்றாள். "நான் இன்னும் வரல."