கைதட்டு அடங்கும்வரை

போன வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் ஒரு டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி முகத்தில் பவுடரும் ரூஜும் அப்பிக்கொண்டிருந்தார். வியர்வையோடு கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். "என்ன சார், வழியில நிக்கிறீங்க?" என்று பின்னால் வந்த ஒரு அம்மா கேட்ட பிறகுதான் நகர்ந்தேன். உடம்புதான் நகர்ந்தது. மனது தொண்ணூறுகளின் பழங்காநத்தத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அப்போது எனக்குக் கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை. எந்த சோப்புப் போட்டாலும் அந்த ரப்பர் வாடை போகாது. சாயங்காலம் அதே வாடையோடு பழங்காநத்தத்தில் ஒரு டுடோரியல் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஒத்திகைக்கு ஓடுவேன். சிநேகிதர்கள் சேர்ந்து ஒரு பாட்டு நாடகம் போட்டுக்கொண்டிருந்தோம். பிளஸ் டூ கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டுப் பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் ஊர் திரும்புகிறார்கள். வழியில் பஸ் மக்கர் செய்கிறது. இனி என்ன ஆகப்போகிறோம் என்று ஒவ்வொருவராகப் பாடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. நாலு பெஞ்சைப் போட்டால் எங்களுக்கு பஸ். பள்ளிக்கூடப் பையனாக நடிக்க என் மீசை ஒத்துழைக்காததால் எனக்குக் கண்டக்டர் வேடம் கொடுத்திருந்தார்கள்.

நாடகத்தின் உயிர் பிரமிளாதான். அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். சௌராஷ்டிரக் குடும்பம், அப்பாவுக்குச் சேலைக் கடை. பரீட்சை முடிந்த கையோடு கல்யாணம் செய்து வைக்கப்படவிருக்கும் பெண்ணாக வருவாள். அவள் ஊர் வந்ததும் நான் விசில் ஊதுவேன். அவள் எழுந்து நின்று, வாத்தியம் எதுவும் இல்லாமல், "இது என் ஸ்டாப் இல்ல, நான் எறங்கல" என்று பாடுவாள். பெண்கள் பக்கம்தான் முதலில் கைதட்டு கிளம்பும். பிறகு பந்தலே அதிரும். பிரமிளா கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். கைதட்டு முழுக்க அடங்கிய பிறகு, "இன்னும் தூரம் இருக்கு" என்று தாழ்ந்த குரலில் அடுத்த வரியை எடுப்பாள். பக்கத்திலேயே நிற்கும் எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செடுக்கும்.

மெட்ராஸிலிருந்து ஒரு இளைஞர் வந்து நாடகத்தைப் பார்த்தார். இதையே சினிமாவாக எடுக்கப்போகிறேன், நீங்களே நடியுங்கள் என்றார். நாங்கள் யாரும் நம்பவில்லை. அலங்காநல்லூர் போகும் வழியில், கரும்புத் தோட்டத்தை ஒட்டி அவர் நிஜமான பஸ் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்திய காலையில்தான் நம்பினோம். எங்கள் பெஞ்சுக்குச் சக்கரம் முளைத்துவிட்டது! ஏறிப் போய் ஒவ்வொரு சீட்டாகத் தொட்டுப் பார்த்தோம். அந்தப் படத்தில் கடைசியில் என் கை மட்டும்தான் வந்தது. அது என் கைதான் என்று சொந்தக்காரர்களை நம்ப வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பிரமிளாவின் பாட்டை மட்டும் மெட்ராஸில் வேறொரு பாடகியைப் பாட வைத்துப் பதிவு செய்து வந்திருந்தார்கள். சினிமா என்றால் அப்படித்தான் என்றார் டைரக்டர். அவளும் தலையாட்டினாள். ஒலிபெருக்கியில் பாட்டு ஓட, இவள் வாயசைக்க வேண்டும். "நான் எறங்கல" வரை ஒழுங்காகப் போகும். அங்கே வந்ததும் கண்ணை மூடி நின்றுவிடுவாள். டேப் அதுபாட்டுக்கு அடுத்த வரியைப் பாடிக்கொண்டு போகும். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் நின்றாள். வெயில் சாயத் தொடங்கியது.

"பிலிம் ரோலு தண்ணியா ஓடுது சார். நாளைக்கே மெட்ராஸ்லேர்ந்து வேற பொண்ணக் கொண்டாந்துடலாம்" என்றார் சினிமா கம்பெனி மேனேஜர், அவள் காதில் விழும்படியாகவே. டிபன் கேரியரோடு கூடவே வந்திருந்த அவள் அம்மா, தங்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னார். பாஷை புரியாவிட்டாலும் வீட்டுக்குக் கிளம்பச் சொல்கிறார் என்பது எங்களுக்குப் புரிந்தது. அவள் அப்பா அரை மனதாகத்தான் அனுப்பியிருந்தார். இன்றைக்கு இப்படித் திரும்பிப் போனால் அவள் இனி எந்த மேடையும் ஏற முடியாது. நான் பிரமிளாவிடம் போனேன்.

"ஏம்மா நிறுத்துற?" என்றேன்.

"நிறுத்தலண்ணே. கைதட்டு அடங்கட்டும்னு நிக்கிறேன். எம்புட்டு மல்லுக்கட்டினாலும் அந்த எடத்துல வாய் தொறக்க மாட்டேங்குது."

டைரக்டர் காதில் அது விழுந்துவிட்டது. "டேப்ப நிறுத்துங்க. பிரமிளா, நீங்களே பாடுங்க. மேடையில எப்படியோ அப்படியே" என்றார். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். பாட்டை அங்கேயே பதிவு செய்வதால் கேமரா இரைச்சலை அமுக்கப் பக்கத்து வீட்டிலிருந்து கம்பளி வாங்கிவந்து சுற்றினார்கள். நாங்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் ஓடி வண்டிகளை மறித்தோம். "அண்ணே, ஒரே ஒரு பாட்டு. எஞ்சின ஆப் பண்ணுங்கண்ணே!" நிஜ டவுன் பஸ் ஒன்றும் வந்து நின்றது. அதிலிருந்த சனம் முழுக்க இறங்கி வரப்பில் நின்றது.

அவள் பாடினாள். "இது என் ஸ்டாப் இல்ல, நான் எறங்கல." நின்றாள். யாரும் கைதட்டவில்லை, தட்டக் கூடாது என்று சொல்லியிருந்தோம். கரும்புத் தோகை மட்டும் சரசரத்தது. அத்தனை சனமும் மூச்சு விடாமல் நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. பிறகு அடுத்த வரி வந்தது. மேனேஜர் கையிலிருந்த டீ சாய்ந்து சட்டையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

படம் மதுரையில் ஒரு வாரம் ஓடியது. முதல் காட்சிக்கு எல்லோரும் போனோம். அந்த இடத்தில் பிலிம் அறுந்துவிட்டது என்று ஜனங்கள் கூச்சல் போடுவார்களோ என்று எனக்குப் பயம். திரையில் பிரமிளா கண்ணை மூடி நின்றாள். ஒரு கணம் எதுவுமில்லை. பெண்கள் பக்கம் ஒரு கைதட்டு. பிறகு தியேட்டரே எழுந்தது. விசில், கூச்சல். எல்லாம் அடங்கியது; திரையில் அவள் அடுத்த வரியைப் பாடினாள். எப்படிப் பொருந்தியது? கைதட்டே கேட்காத கரும்புக் காட்டில் நின்றுகொண்டு, அன்றைக்கே இவர்களுக்காகக் காத்திருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அம்மா எங்களுக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னார்: "சரியாத்தான் நிறுத்திருக்கா."

அந்த தியேட்டர் இப்போது ஒரு பாத்திரக் கடையின் குடோன். படத்தின் பிரதி யாரிடமும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆண்டு விழாவுக்குப் போய்வந்த மறுநாள், சும்மா செல்போனில் தேடிப் பார்த்தேன். யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பாட்டை மட்டும் போட்டிருந்தார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். "இது என் ஸ்டாப் இல்ல, நான் எறங்கல" என்று பிரமிளா பாடினாள். போட்டவர் அந்த இடைவெளியை ஏதோ கோளாறு என்று நினைத்து வெட்டியிருக்க வேண்டும். நான் கைதட்டக் கையைத் தூக்குவதற்குள் அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.