நான் பாய்ச்சிய தண்ணீரில் நடந்த கொலைகள்

போன புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, என் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே, கண்ணாடி போட்ட ஒரு பெரியவரை வாளால் எட்டு முறை வெட்டினேன். ஐந்தாவது வெட்டிலேயே அவர் போய்விட்டார். மிச்சம் மூன்றும் வெறும் தண்ணீரில் விழுந்தன. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

நடந்தது கைபேசியில்தான். கட்டை அடுக்கும் விளையாட்டு அது. மண், மரம், கல், மாடு, மேகம் எல்லாமே சதுரம். வெட்டி எடுத்து அடுக்கினால் வீடு, தோண்டினால் சுரங்கம். கத்தாரில் நர்ஸாக இருக்கும் என் மகள்தான் சொல்லிக் கொடுத்தாள். போனில் பேசினால் எனக்கும் அவளுக்கும் "சாப்டியா", "சாப்டேன்பா, அம்மாட்ட குடுங்க" என்று இரண்டு நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். இந்த விளையாட்டுக்குள் மட்டும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு முழு மணி நேரம் என்னோடு இருப்பாள். கல் உடைத்துக்கொண்டே வார்டு கதையெல்லாம் சொல்லுவாள். அம்மாவிடம் சொல்லாததைக்கூட.

அதற்குள் அவள் ஒரு சின்ன ஊர் கட்டியிருந்தாள். ஏழு குடிமக்கள், ஆளுக்கொரு தொழில். அதில் ஒருவர் கண்ணாடி போட்டுப் புத்தகம் வைத்திருப்பவர், அவரைத் தேடிப் படகில் கொண்டுவர அவளுக்கு இரண்டு மாதம் ஆனது. ஊரைச் சுற்றி, வயல் வரப்பெல்லாம், தெருவெல்லாம் பந்தம் நட்டிருந்தாள். ஒரு கரி, அதன் கீழே ஒரு குச்சி, சேர்த்தால் நாலு பந்தம் கிடைக்கும். அந்த உலகத்தின் சட்டம் ஒன்றே ஒன்று: வெளிச்சம் இருக்கும் இடத்தில் எதுவும் முளைக்காது, இருட்டில் நடைபிணங்கள் முளைக்கும். அங்கே பத்து நிமிஷத்தில் பொழுது சாய்ந்துவிடும்.

"நான் இல்லாதப்பவும் நீங்க உள்ள போலாம்பா. ஆனா என் ஆளுங்கள்ல ஒருத்தர் செத்தாலும் உங்க அனுமதிய எடுத்துருவேன். அப்புறம் வெளிலேர்ந்து வேடிக்கைதான்."

"நான் என்னம்மா பண்ணப் போறேன்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. அதத்தான் சொல்றேன்."

என் நிலம் அதிராம்பட்டினம் பக்கம். வாய்க்காலின் கடைசி மடை. மேலே எல்லோரும் குளித்து, துவைத்து, நடவு முடித்து, மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு. முறைத் தண்ணீருக்காக மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்று சொந்தப் பங்காளியோடு சட்டையைக் கிழித்துக்கொண்டவன் நான். அப்படிப்பட்டவன் கையில் அந்த விளையாட்டு ஓர் இரும்பு பக்கெட்டைக் கொடுத்தது. நாலு கட்டை அகலக் குட்டையில் மொண்டால் குட்டை குறையவே குறையாது. மொள்ள மொள்ள நிறைகிறது. யாரும் வந்து ஏனென்று கேட்கவில்லை.

மகள் ஒரு வயலுக்கு நடுவே ஒரே ஒரு கட்டை தண்ணீர் வைத்திருந்தாள். அது போதுமாம். சுற்றிலும் மண் வறண்ட மாதிரி கிடந்தது. எனக்கு வயிறு எரிந்தது. பயிர் என்றால் தண்ணீர் நிற்க வேண்டாமா?

மேட்டுப் பக்க வரப்பில் ஒரு பக்கெட் ஊற்றினேன். ஓடியது. அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். வரிசையாகப் பன்னிரண்டு பக்கெட் ஊற்றினேன். வயல் நிறைந்து, தெரு நிறைந்து, கண்ணாடிக்காரர் வாசல்வரை வெள்ளம் போனது.

அப்போதுதான் டப், டப் என்று சத்தம். தண்ணீர் பட்ட பந்தமெல்லாம் பிடுங்கிக்கொண்டு மிதந்தது. கோதுமையும் வேரோடு மிதந்தது. பொழுதும் சாய்ந்தது.

முதல் பிணம் கொல்லைப் பக்கத்திலிருந்து வந்தது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. என்னைத் தாண்டிப் போய், தெருவில் நின்ற மீன்காரரை அறைந்தது. அவர் "ஹ்ம்ம்" என்று மூக்கால் அழுதார். மறுபடி அறைந்தது. நான் வாளை எடுப்பதாக நினைத்துக் கோதுமையை எடுத்துப் பிணத்தின் மூஞ்சியில் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

வரப்பில் எலும்புக்கூடு ஒன்று நின்று அம்பு விட்டது. முதுகில் ஒன்று, தொடையில் ஒன்று. பந்தம் செய்யலாம் என்று பட்டறை மேஜையைத் திறந்தேன். கரி இருக்கிறது, குச்சி இல்லை. மரத்தைப் பலகையாக்கி, பலகையைக் குச்சியாக்க வேண்டும். நான் பலகையால் ஏணி செய்தேன். இன்னொரு ஏணியும் செய்தேன். திரை நான் செத்ததாகச் சொல்லிவிட்டு, அந்த ஊரில் எனக்கென்று போட்டிருந்த படுக்கையிலேயே திரும்ப எழுப்பியது. கையில் ஒன்றும் இல்லாமல் வெளியே ஓடி மறுபடி செத்தேன்.

நான் போட்ட சத்தத்தில் சமையலறையில் கொடுவா அரிந்துகொண்டிருந்த என் மனைவி, செதிள் ஒட்டிய கையோடு ஓடி வந்தாள்.

"ஏங்க, பாம்பா? பாம்பாங்க?"

"கொல்றானுவடி! எல்லாரையும் கொல்றானுவ!"

"யாரை?"

"மீன்காரர் போயிட்டாரு!"

"எந்த மீன்காரர்? இப்பதானே என்கிட்ட மீன் குடுத்துட்டுப் போனாரு!" திரையை எட்டிப் பார்த்தாள். "அட கருமமே. போனை அணைச்சுத் தொலைங்க."

அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. அணைத்திருந்தால் அத்தனையும் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும். நான் அவளைப் பார்த்துச் சொன்னது, "வெளக்கமாத்த எடுத்துட்டு வாடி!" எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்றாவது தடவை எழுந்து ஓடி, நான் செத்த இடத்தில் மிதந்த என் வாளைப் பொறுக்கினேன். இடுப்பளவு தண்ணீரில் கால் நகரவில்லை. நான் பாய்ச்சிய தண்ணீர். பிணங்கள் கதவை உடைத்தன. தச்சர் போனார். கசாப்புக்காரர் போனார். வெடிகுண்டுக்குக் கால் முளைத்த மாதிரிப் பச்சைக்காரன் ஒருவன் புஸ் என்று வந்து நின்று வெடித்ததில் ரொட்டிக்காரரும் அவர் சுவரும் சேர்ந்து போனார்கள். புகை விலகியபோது கண்ணாடிக்காரர் வந்துகொண்டிருந்தார். அதே அங்கி, அதே கண்ணாடி. முகம் மட்டும் பச்சை. கை நீட்டியிருந்தது. எட்டு வெட்டு வெட்டினேன்.

அப்புறம்தான் கிணற்றடியில் வெளிச்சம் தெரிந்தது. மகள் விளையாட்டுக்காக வைத்த பரங்கிக்காய் அது. காயில் கத்தரிக்கோலால் மூஞ்சி செதுக்கி, உள்ளே ஒரு பந்தம் வைத்தால் பரங்கி விளக்கு. கட்டுகிற வீட்டுக்குத் திருஷ்டி கட்டுவது மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்திருந்தேன். என் வெள்ளம் தலைக்கு மேல் ஓடியும் அது பிடுங்கிக்கொள்ளவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து பல்லை இளித்துக்கொண்டு எரிந்தது. அதைச் சுற்றி எதுவும் முளைக்கவில்லை. மிச்சமிருந்த இருவர் அங்கே நின்றார்கள். நானும் போய் ஒட்டிக்கொண்டேன், விடிகிறவரை.

வியாழன் முழுக்க அந்த ஊர்க் கொல்லையில் இருந்த பரங்கியெல்லாம் அறுத்து, செதுக்கி, விளக்காக்கி, தண்ணீருக்கு அடியிலேயே வரிசையாக நட்டேன். வயலுக்கு வயல் முப்பது மூஞ்சி கீழிருந்து இளித்தன. உடைந்த சுவரைக் கட்டினேன். செத்தவர்களை என்னால் கட்ட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் உள்ளே வந்தாள். ஒரு சுற்று நடந்து பார்த்தாள்.

"அப்பா. இது என்ன ஏரி?"

"அடியெல்லாம் விளக்கு பார்த்தியா? அழகா இருக்குல்ல?"

"மத்தவங்க எங்க?"

"வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்காங்க."

அவள் சிரிக்கவில்லை. சொல்லிவிட்டேன். பக்கெட், பந்தம், ஏணி, வெடி, எல்லாம். நான் எத்தனை தடவை செத்தேன் என்பதை அழுத்திச் சொன்னேன். இரக்கம் வரும் என்று.

"கண்ணாடிக்காரர்?"

"பிணமா மாறிட்டாரும்மா. நான்தான் வெட்டுனேன்."

"அதுக்கு மருந்து இருக்குப்பா." அவள் குரல் வார்டில் பேசுகிற மாதிரி இருந்தது. "தங்க ஆப்பிள் குடுத்து, கொஞ்ச நேரம் பக்கத்துல இருந்தா திரும்பி வந்துருவாங்க. அப்ப அவர் சாகலை."

அனுமதியை எடுத்துவிட்டாள் என்றே நினைத்தேன், திரை அப்படி அசையாமல் இருந்தது.

"எத்தனை வெட்டு?"

"எட்டு."

"அஞ்சே போதும்."

"தெரியும்மா."

"ரொம்ப பயந்துட்டீங்களா?"

ஐம்பத்திரண்டு வருஷத்தில் இந்தக் கேள்விக்கு நான் நேராகப் பதில் சொன்னதில்லை. பங்காளி அரிவாளோடு வந்தபோதும் "கொசு கடிக்குது" என்றுதான் நடுங்கினேன்.

"ஆமாம்மா," என்றேன்.

அவள் சதுர உருவம் தண்ணீரில் இறங்கி என் பக்கம் வந்தது. என் எதிரில் நின்றது. அவள் கையில் வாள் இருந்தது. வெட்டத்தான் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன், கூடத்தில் உட்கார்ந்தபடியே.

"ரெண்டு பேர் இருக்காங்கல்ல, ரொட்டி குடுத்தா குடும்பம் பெருகும். அதுக்குக் கோதுமை வேணும். தண்ணிய வடிக்கணும். பக்கெட்டைக் கீழ போடுங்க."

போட்டேன். எடுத்துக்கொண்டாள்.

"ஒளிச்சு வச்ச இன்னொரு பக்கெட்டும்."

"இன்னொண்ணா? ஏதும்மா என்கிட்ட..."

"அப்பா."

போட்டேன்.