அச்சில் ஏறாத ஊர்

பத்திரிகை ஆசிரியரே, நீங்கள் பொய்யர். ஜேர்மன்காரர் ஆட்களை எரித்த ஊரை உங்கள் பத்திரிகையிலிருந்து எடுத்துவிட்டு, மிச்சக் கதைக்குக் கீழே ‘மொழிபெயர்ப்பு’ என்று என் பெயரைப் போட்டீர்கள்.

வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நான் கனடாவுக்கு வருமுன் ஜேர்மனியில் அகதியாக இருந்தவன். ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவி அந்த மொழியைப் பிடித்தேன். பிறகு ரொறன்ரோ வந்து, வெக்ஸ்போர்ட்டில் ஒரு பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தேன். மேலே இருந்த வீட்டுக்காரர் ஒரு ஜேர்மன் கிழவர். தன் மொழியில் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கோப்பிக்குக் கூப்பிடுவார்.

அவர் இரண்டாம் உலகப் போரில் ஒரு ரிசேர்வ் காலாட்படைப் பிரிவில் இருந்தவர். “நாங்கள் முன்னரங்கில் நின்ற படை இல்லை” என்பார். வயது போனவர்கள், காயப்பட்டுத் தேறியவர்கள், மீசை முளைக்காத பொடியன்கள். புதிதாக வந்தவர்களுக்குச் சுடப் பழக்குவார்கள், பிடித்த நாட்டில் ரயில் பாதைக்குக் காவல் நிற்பார்கள். வேறொன்றும் இல்லையாம்.

காவல் நிற்கிற ஆமி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஊரில் என் அண்ணனின் சைக்கிள் கடைக்கு முன்னால் சென்றி போட்டுக் காவல் நின்ற ஆமிக்காரரும் பாதையைத்தான் காத்தார்கள். பக்கத்தில் கண்ணிவெடி வெடித்த அன்று அவனை உள்ளே வைத்துக் கடையைப் பூட்டி எரித்தார்கள். கொழும்புப் பேப்பரில் அவன் பயங்கரவாதி என்று வந்தது.

ஜேர்மன் படை என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு மயக்கம். அந்த மயக்கத்தில்தான் நீங்கள் கிழவரைப் பேட்டி எடுக்க வந்தீர்கள். நான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன். உருளைக்கிழங்கு கிண்டியது, சேற்றில் வண்டி புதைந்தது என்று சொல்லிக்கொண்டு வந்தவர், யாரும் கேட்காமலே அதையும் சொன்னார்.

“ரயில் பாதையை யாரோ தகர்த்துவிட்டார்கள். காலையில் பக்கத்து ஊருக்குப் போனோம். ஆண்களை வைக்கோல் கொட்டிலுக்குள் தள்ளினோம். தீ வைத்தபோது கதவைச் சாத்திப் பிடித்தவன் நான்.”

ஊரின் பெயர் என்ன என்று கேட்டேன். ஞாபகம் இல்லை என்றார். தன் வண்டிக் குதிரையின் பெயர் அவருக்கு ஞாபகம் இருந்தது.

நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். நீங்கள் அதைக் கொப்பியில் எழுதியதைக் கண்ணால் கண்டேன்.

பத்திரிகை வந்தது. ‘பொதுமக்கள் மீது கைவைக்காத ஒழுக்கமான படை’ என்று போட்டிருந்தீர்கள். உங்கள் அச்சகத்துக்கு வந்தேன். யாரோ செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு, அவர் புகழ் பாடி அடிக்கிற அந்தியேட்டி மலரைப் பிழை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குச் சோறு போடுவது அந்த மலர்கள்தானே.

“என்ன அண்ணை, ஊர் எங்கை?”

“இரும் தம்பி. ரீ குடிக்கிறீரோ?”

“கொட்டிலுக்கை எரிஞ்ச சனம் எங்கை எண்டு கேக்கிறன்.”

“உமக்கென்ன விசரே? அந்தியேட்டி மலரிலை, செத்தவர் குடிகாரன், பெண்சாதிக்கு அடிச்சவர் எண்டு ஆரும் போடுறவையோ? கிழவனுக்கும் அப்பிடித்தான் எழுதினன்.”

“அவர் இன்னும் சாகேல்லை அண்ணை.”

“அப்ப அட்வான்ஸா அடிச்சிட்டன் எண்டு வைச்சுக்கொள்ளும்!”

சிரித்தீர்கள். மெஷினடியில் நின்றவனும் சிரித்தான்.

எங்கள் வீட்டுச் செத்தவர்களுக்கு வெள்ளை அடியுங்கள், அது எங்கள் பழக்கம். கதவைப் பிடித்தவனுக்கு மலர் அடிக்கச் சொல்லி உங்களை யார் கேட்டது?

அந்த ஞாயிறு கிழவர் பத்திரிகையை மேசையில் விரித்து, “வாசி” என்றார். ஜேர்மனில் மாற்றி வாசித்தேன். ரயில் பாதை வந்ததும் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். அங்கே நிறுத்தியிருந்தால் சிரித்துவிட்டுப் படுக்கப் போயிருப்பார். நான் விடவில்லை. பத்திரிகையில் இல்லாத ஊரை இருப்பதுபோல் வாசித்தேன். கொட்டில், கதவு, கதவில் அவர் கை, எல்லாவற்றையும் வாசித்தேன்.

“எல்லாம் போட்டிருக்கிறார்களா?”

“எல்லாம்.”

“என் பெயரோடா?”

“பெயரோடும் படத்தோடும்.”

அன்றிலிருந்து அவர் தெருப்பக்கத் திரைச்சீலையைத் திறப்பதில்லை; தெரு முழுக்க உங்கள் பத்திரிகை வாசிக்கிற தமிழ்ச் சனம். பஸ் தரிப்பில் எங்கள் பெண்கள் வேறு எதற்கோ சிரித்தாலும் யன்னலை விட்டுப் பின்னால் போகிறார். பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. பாவம் பார்க்க மாட்டேன். என் அண்ணனை உள்ளே வைத்துக் கடையைப் பூட்டியவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இவர் என் தலைக்கு மேலே நடக்கிறார்.

ஆனால் தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அவர் எந்தச் சனத்துக்கு ஒளிக்கிறாரோ, அந்தச் சனம் அவரை நல்ல படையாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நாளைக்கு ஒருவன் அவர் கையைப் பிடித்து, உங்கள் ஆமி நல்ல ஆமி, பத்திரிகையில் வாசித்தேன் என்று சொன்னால் போதும், கிழவர் தப்பிவிடுவார். அவரைத் தப்ப வைப்பது உங்கள் பத்திரிகையாகத்தான் இருக்கும்.

ஆகவே அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அந்தக் கொட்டிலைப் போடுங்கள். அதை ஏன் எடுத்தீர்கள் என்று உங்கள் சொந்தப் பெயரில் கீழே எழுதுங்கள். எனக்கு ரெலிபோன் எடுக்க வேண்டாம், சமாதானம் பேச ஆள் அனுப்பவும் வேண்டாம். சனம் முழுக்கப் பார்க்க, பத்திரிகையில் பதில் சொல்லுங்கள்.