மாயமந்திரம்: ரிசல்ட் பாசிட்டிவ்

திருச்சபையில் அவள் பெயர் லேப் சிஸ்டர். பதினெட்டு வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு சொட்டு கிடைத்தால் போதும், கிருமி எங்கே ஒளிந்திருந்தாலும் காதைப் பிடித்து இழுத்து வந்துவிடுவாள். அதனால்தான், ஞாயிறு பள்ளிச் சிறுமி ஒருத்தி கரண்டியை ஆட்டி அத்தையைத் தவளையாக்கப் பார்த்தாள் என்று புகார் வந்ததும், சபைக் கமிட்டி இந்த வேலையை அவள் தலையில் கட்டியது. பள்ளி அலமாரியிலுள்ள கதைப் புத்தகங்களைப் படித்து, மந்திரம் இருப்பவற்றை ஒதுக்க வேண்டும்.

அவளுக்கும் முழுச் சம்மதம். சூனியக்காரி படம் போட்ட பென்சில் டப்பாவையே மகளிடமிருந்து பிடுங்கிக் குப்பையில் எறிந்தவள் அவள்.

மூன்று வாரம், மதிய இடைவேளைகளில், மைக்ராஸ்கோப்பை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுப் படித்தாள். அலமாரியில் இருந்த இருபத்திரண்டையும் விடவில்லை. பிறகு கமிட்டி முன்னால் அறிக்கையை வாசித்தாள். இருபத்திரண்டும் பாசிட்டிவ்.

கடைசிப் புத்தகத்தின் பெயரைக் கேட்டதும் போதகர் நிமிர்ந்தார். அது சபையே வாங்கி வைத்த வேதக் கதைப் படப்புத்தகம்.

"கோல் பாம்பா மாறுது. கழுதை பேசுது," என்றாள் அவள்.

"சிஸ்டர், அது கர்த்தர் செஞ்சது."

"எங்க லேப்ல இருக்கா இல்லையான்னுதான் எழுதுவோம், பாஸ்டர். யாரு செஞ்சாங்கன்னு எழுத ரிப்போர்ட்ல இடம் கிடையாது."

கிண்டல் செய்கிறாளோ என்று எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் சிரிக்கக்கூட இல்லை. கமிட்டி ஒருமணி நேரம் வாதாடிக் களைத்து, மறுபரிசோதனை தேவை என்று தீர்மானித்தது. ஆளுக்கு நாலைந்து புத்தகங்களை வாரிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவற்றில் பல அப்புறம் அலமாரி பக்கமே திரும்பவில்லை.

மற்றவர்கள் போன பிறகு அவள் மட்டும் போதகர் முன்னால் தயங்கி நின்றாள். ஒரு பாவத்தைச் சொல்ல வேண்டும் என்றாள். பதினாலாவது புத்தகத்தில் ஒரு டிராகன் வருகிறதாம். நோஞ்சான். ஒரு சிறுமி மந்திரம் போட்டு அதற்கு வைத்தியம் பார்க்கிறாள். படிக்கும்போது தன்னையறியாமல், கண்ணை மூடி, அது பிழைக்கட்டும் என்று ஜெபித்துவிட்டாள்.

"ஆண்டவர்கிட்டயே கேட்டுட்டேன், பாஸ்டர். ஒரு டிராகனுக்காக."

போதகர் நாற்காலியை விட்டு எழுந்தார். கண்டிக்கப் போகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் வாசல்பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்.

"பிழைச்சுதா?"