சுவிட்ச் மாற்ற ஓர் ஆள்

போனில் உள்ள பாட்டை ஸ்பீக்கர் பாடக்கூடிய சத்தமாக மாற்றும் சின்னப் பெட்டிதான் டிஏசி. என்னிடம் இப்போது இரண்டு இருக்கின்றன. ஒன்று கடையில் வாங்கியது. மற்றது சாப்பாட்டு மேசையில் வைத்து நானே ஈயம் பற்றவைத்துச் செய்தது. அந்த மேசையில் வேறு யாரும் சாப்பிடுவதில்லை, அதனால் இடைஞ்சல் இல்லை.

எது நல்லது என்று நேர்மையாக அறிய, கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். ஒரு பெட்டியிலிருந்து மற்றதுக்குப் போகும் சுவிட்சை, சொல்லாமல் மாற்ற இன்னோர் ஆள் வேண்டும். உப்புக்குளத்து வீட்டில் நான் மட்டும்தான்.

இன்று பின்னேரம், ரொட்டிக்கடைப் பாணைத் தெருத்தெருவாக விற்கும் ஓட்டோ தன் ரியூனைப் போட்டுக்கொண்டு வந்தது. பாண்கார அண்ணையை உள்ளே கூப்பிட்டேன்.

“நினைச்ச நேரம் இந்தச் சுவிட்சை மாத்துங்கோ அண்ணை. எனக்குச் சொல்லாதேங்கோ.”

“ஓம், ஓம். நீங்கள் கண்ணை மூடுங்கோ.”

பாட்டின் நடுவில், பாடுகிறவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. மாற்றிவிட்டார் என்று நினைத்தேன். முடிந்ததும், “ரெண்டாவதுதான் திறம்” என்றேன்.

அண்ணை முழித்தார்.

“நான் ஒண்டும் மாத்தேல்லையே. நாள் முழுக்க ஓட்டோவில ஒரே ரியூனைக் கேக்கிறனான். இந்தப் பாட்டில அப்பிடியே இருந்திட்டன்.”

ஓட்டோவின் ரியூன் ஒழுங்கை முடிவில் தேய்ந்துபோனது. அதே பாட்டை, அதே பெட்டியில், தனியே திரும்பப் போட்டேன். பாடுகிறவர் பழையபடி தூரத்தில் நின்றார்.

ஆக, எந்த டிஏசி நல்லது என்று இன்னும் தெரியாது. இந்தப் பக்கம் வருகிறவர்கள் வந்து சுவிட்சை மாற்றிவிட்டுப் போங்கள். மாற்ற மறந்தாலும் பரவாயில்லை.

பாண் வாங்கி வைத்திருக்கிறேன்.